வெள்ளை முகமூடிக்கு யார் அப்பா?

ஒரு பேட்மேன் முகமூடி வேண்டும். பொருட்காட்சிக்குப் போனால் கிடைக்கும். பின்னால் எலாஸ்டிக் வைத்து, மூக்கு நுனி உரசுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் சமாசாரம். அது வேண்டாம். 1989-ல் வந்த படத்தில் மைக்கேல் கீட்டன் போட்டிருந்தாரே, அதே கன்ன வளைவு, அதே காது உயரம், அதே கறுப்பு... அச்சு அசலாக அதுதான் வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தால் என்ன செய்வது?

அவருக்கு இருக்கிற வழி ஒன்றே ஒன்றுதான். தானே செய்து போட்டுக்கொள்ள வேண்டும்.

செய்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே ஒரு ஜாதி உண்டு. பகலில் ஆபீஸ். ராத்திரியில் கார் ஷெட்டில் களிமண். முதலில் தன் தலையையே அச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அச்சுத் தலை மீது களிமண்ணை அப்பி, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புருவம் எத்தனை மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு மாதக் கணக்கில் இழைக்க வேண்டும். அப்புறம் அதன் மேல் பிளாஸ்டர் அச்சு. அச்சுக்குள் திரவ ரப்பரை ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்து, காயவிட்டு, உரித்து, வர்ணம் அடித்தால் முகமூடி. முதல் தடவை பெரும்பாலும் சொதப்பும். மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

அந்த 1989 முகமூடியைப் போட்டுக்கொண்டு கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியாது. முகமூடியும் கழுத்தும் ஒரே வார்ப்பு. வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் திருப்பியாக வேண்டும். பேட்மேனின் அந்த விறைப்பான கம்பீரம் பாதிக்குப் பாதி இந்த அவஸ்தையில் வந்தது. ரசிகர்கள் அந்த அவஸ்தையையும் சேர்த்தே காப்பி அடிக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, சினிமாவுக்குப் பயன்படுத்துகிற நுரை ரப்பர் காலப்போக்கில் உளுத்துப் பொடிப்பொடியாக உதிரும். ஆக, அசல் அலமாரியில் மட்கிக்கொண்டிருக்கும்போது நகல் பளபளவென்று இருக்கும்!

இதெல்லாம் சட்டப்படி சரியா? கேட்டால் நெளிவார்கள். பேட்மேன், வார்னர் பிரதர்ஸ் வீட்டுப் பிள்ளை. அனுமதி வாங்காமல் அவன் முகத்தை அச்சு எடுப்பது தப்புதான். ஆனால் இந்த ஜாதிக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்டுடியோவின் முகமூடியைப் பார்த்து நீ செய்யலாம். ஆனால் இன்னொரு ரசிகன் ஆறு மாதம் கஷ்டப்பட்டுச் செய்த முகமூடியை விலைக்கு வாங்கி, அதிலிருந்து அச்சு எடுத்து நீ விற்கக்கூடாது. அதற்கு ‘ரீகாஸ்ட்’ என்று பெயர். மாட்டினால் அவ்வளவுதான். ஊர்விலக்கு. ஒருத்தரும் அவனிடம் எதுவும் வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள்.

சிரிப்பு வருகிறதா? ஆனால் இதற்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு முகமூடி யாருக்குச் சொந்தம்? படம் வரைந்தவருக்கா, களிமண்ணில் கையை வைத்தவருக்கா, பணம் கொடுத்தவருக்கா? இந்தக் கேள்வி ஒரு தடவை நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனது. ஒன்றல்ல, இரண்டு தேசத்துக் கோர்ட்டுகளுக்கு. பல வருஷம் நடந்தது. ஆனால் கூண்டில் ஏறியது சூப்பர் ஹீரோவின் முகமூடி இல்லை. வில்லனின் அடியாள் முகமூடி.

‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு ஹெல்மெட்டில் புஸ் புஸ் என்று மூச்சு விடுகிற டார்த் வேடருக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டாளம் வரும். ஸ்டார்ம்ட்ரூப்பர்கள். முகமே தெரியாது. மண்டையோடு மாதிரி ஒரு வெள்ளை ஹெல்மெட். சுடுவார்கள், ஒரு குண்டும் படாது. அந்த ஹெல்மெட்தான்.

1976. ஜார்ஜ் லூகாஸ் லண்டனில் படத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சிப்பாய்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ரால்ஃப் மெக்குவாரி என்கிற ஓவியர் ஏற்கெனவே வரைந்து கொடுத்துவிட்டார். படம் இருக்கிறது. தலையில் மாட்டுகிற சாமான் இல்லை. நிக் பெம்பர்ட்டன் என்கிற கலைஞரிடம் வேலை வந்தது. அவர் ஓவியத்தைப் பார்த்துக் களிமண்ணில் ஒரு மாதிரி செய்தார். அதைப் பிளாஸ்டிக்கில் பிடிக்க வேண்டுமே? அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் பட்டறை வைத்திருந்தார். ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த்.

வாக்யூம் ஃபார்மிங் என்று ஒரு வித்தை உண்டு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடு பண்ணித் தளதளவென்று ஆனதும் அச்சு மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அப்படியே அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் பள்ளம் பள்ளமாக ஒரு தட்டு வருமே, அது இந்த வித்தையில் வருவதுதான். எய்ன்ஸ்வொர்த் இதில் கை தேர்ந்தவர். சில மாதிரிகள் செய்து காட்டினார். லூகாஸ் தலையசைத்தார். படத்துக்காக 50 ஹெல்மெட் தயாரானது. கணக்கு முடிந்தது. ஆளை விடு.

1977 மே மாதம் படம் வந்தது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அந்த 50 ஹெல்மெட்டும் கைவேலை. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. காதுப் பகுதி தனியாகச் செய்து ஒட்டியது. அவசரத்தில் செய்த இந்தக் கோணல்கள்தான் பின்னாளில் ரசிகர்களுக்கு வேதம் ஆனது. காது மேட்டில் எத்தனை புடைப்பு, வாய்ப் பகுதியில் எத்தனை பல் வெட்டியிருக்கிறது என்று சண்டையே நடக்கும். ஹெல்மெட் நேராக இருந்தால், அது போலி!

1997-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்கிற ரசிகர் அப்படி ஒரு வெள்ளைக் கவசத்தைப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனார். ஸ்டார் வார்ஸ் புதுப்பிக்கப்பட்டு மறுபடி ரிலீஸ் ஆகியிருந்த சமயம். மூன்று வருஷம் முன்னால் ஒரு கார் விபத்து. அதில் ஒரு கால் போய்விட்டது. செயற்கைக் கால்தான். ஆனால் வெள்ளைக் கவசத்துக்குள் எந்தக் கால் நிஜம் என்று யாருக்குத் தெரியப்போகிறது? தனியாகப் போனபோது ஜனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நண்பரும் இன்னொரு கவசத்தோடு சேர்ந்துகொண்டபோது கூட்டம் மொய்த்துவிட்டது. இரண்டு பேர் நின்றாலே பட்டாளம்! அதே வருஷம் ‘501-வது லீஜியன்’ பிறந்தது. சொந்தச் செலவில் வில்லன் வேஷம் கட்டுகிறவர்களின் சங்கம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளைப் பார்க்கப் போவார்கள். தர்ம காரியத்துக்கு வசூல் பண்ணித் தருவார்கள். சல்லிக்காசு கூலி கிடையாது. பல தேசங்களில் கிளை விரித்து, ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது.

இத்தனை பேருக்கும் கவசமும் ஹெல்மெட்டும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வேறு ரசிகர்கள் தங்கள் ஷெட்டில் செய்து கொடுத்தது. லூகாஸ் கம்பெனியின் லைசென்ஸ் கிடையாது. கம்பெனிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கண்டுகொள்ளவில்லை.

2004-ல் எய்ன்ஸ்வொர்த் மறுபடி மெஷினை ஓட்டினார். அந்தப் படத்துக்கு ஹெல்மெட் செய்தவன் நானே செய்தது என்று சொல்லி விற்க ஆரம்பித்தார். ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கிலாந்தில் விற்றார். அமெரிக்காவுக்கும் கொஞ்சம் போனது.

லூகாஸ்ஃபிலிம் பாய்ந்தது. முதலில் கலிஃபோர்னியாவில் கேஸ். எய்ன்ஸ்வொர்த், உங்கள் கோர்ட்டுக்கு என் மேல் அதிகாரமே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அதற்கு மேல் வாதாடவும் இல்லை. 2006-ல் தீர்ப்பு ஒருதலையாக வந்தது. நஷ்ட ஈடு 2 கோடி டாலர். அதில் பாதி, டிரேட்மார்க் சட்டப்படி மூன்று மடங்காகப் பெருக்கிய தொகை.

நான் காமர்ஸ் படித்தவன். இந்த மாதிரி இடத்தில் கை தானாகப் பேரேட்டைப் புரட்டும். அமெரிக்காவில் அவர் விற்ற மொத்தச் சரக்கு எவ்வளவு? குறைந்தபட்சம் 8,000 டாலர். அதிகபட்சம் 30,000. அவ்வளவுதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மனிதர் இருப்பது இங்கிலாந்தில். கலிஃபோர்னியா தீர்ப்பைக் காட்டி ட்விக்கன்ஹாம் பட்டறையை ஜப்தி பண்ண முடியாது. ஆகவே லண்டன் கோர்ட்டிலும் கேஸ் போட்டார்கள். அங்கேதான் சூடு பிடித்தது.

இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிற்பம் என்றால் அது கலை. சிற்பி செத்து 70 வருஷம் வரை காப்புரிமை உண்டு. வெறும் தொழிற்சாலைப் பொருளின் டிசைன் என்றால் பாதுகாப்பு கொஞ்ச வருஷத்துக்குத்தான். 1976-ல் செய்ததற்கு அது எப்போதோ காலாவதி. மெக்குவாரி வரைந்த ஓவியத்துக்குக் காப்புரிமை இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் டிசைன் படத்தைப் பார்த்து ஒரு சாமானைச் செய்வது, அந்தச் சாமான் கலைப்படைப்பாக இல்லாதவரை, மீறல் ஆகாது. ஆக மொத்த வழக்கும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட் சிற்பமா, இல்லையா?

யோசித்துப் பாருங்கள். கோட்டும் கவுனும் போட்ட பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கேலாஞ்சலோ ரகமா, பிஸ்கட் தட்டு ரகமா என்று விவாதிக்கிறார்கள்!

2008-ல் ஐகோர்ட் நீதிபதி மேன் ஓர் அருமையான உதாரணம் சொன்னார். ஒரு செங்கல் குவியல். அதை டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் இரண்டு வாரம் வைத்தால் அது சிற்பமாக இருக்க வாய்ப்புண்டு. அதே செங்கல், அதே குவியல், கட்டட வேலைக்காக என் வீட்டு வாசலில் இரண்டு வாரம் கிடந்தால் அது செங்கல்தான். வித்தியாசம் பொருளில் இல்லை, எதற்காக உண்டாக்கினார்கள் என்பதில் இருக்கிறது. ஹெல்மெட்டை யாரும் கலைக்கூடத்தில் வைக்கச் செய்யவில்லை. படத்தில் ஒரு பாத்திரம் போட்டுக்கொள்ளச் செய்தார்கள். எனவே சிற்பம் இல்லை.

சரி, அப்படியானால் ஹெல்மெட்டுக்கு எய்ன்ஸ்வொர்த்தான் அப்பாவா? அதுவும் இல்லை என்றார் நீதிபதி. மூல உரு பெம்பர்ட்டனின் களிமண். எய்ன்ஸ்வொர்த் கை வேலையில் ஏதாவது உரிமை முளைத்திருந்தாலும் அது படக் கம்பெனிக்கே சேரும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் அர்த்தம். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் ஓரவஞ்சனைக்கு ஆளானவர் பெம்பர்ட்டன்தான். களிமண்ணில் முகத்தைப் பிடித்தவர் அவர். கேஸோ மற்ற இருவருக்கும் நடுவில்.

2009-ல் அப்பீல். சிற்பம் இல்லை என்பது அப்படியே நின்றது. கலிஃபோர்னியா தீர்ப்பை இங்கே வசூலிக்க முடியாது என்பதும் உறுதியானது. 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட். சினிமாதான் கலைப்படைப்பு, ஹெல்மெட் அதைத் தயாரிக்கப் பயன்பட்ட ஒரு சாமான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் கூடவே ஒரு ஆப்பு. அமெரிக்காவில் அமெரிக்கக் காப்புரிமையை மீறினால், அந்த வழக்கை இங்கிலாந்துக் கோர்ட்டிலேயே விசாரிக்கலாம்.

விளைவு? ட்விக்கன்ஹாமில் செய்த ஹெல்மெட்டை மான்செஸ்டருக்குப் பார்சல் அனுப்பினால் வியாபாரம். அதையே நியூயார்க்குக்கு அனுப்பினால் மீறல். ஒரே அச்சு. ஒரே பிளாஸ்டிக்.

அமெரிக்கக் கோர்ட்டுகள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். 2015-ல் பேட்மேன் காரை நகல் செய்து விற்ற ஒருவருக்கு எதிராக அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது. காரே ஒரு கதாபாத்திரம், அதற்கும் காப்புரிமை உண்டு என்றார்கள். ஒழுங்கான சமுதாயத்தில் தனியார் சொத்தைக் காப்பது முக்கியம் என்று பேட்மேன் ராபினுக்குச் சொல்லும் வசனத்தையே தீர்ப்பில் எடுத்துப் போட்டார் நீதிபதி!

அப்படியானால் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கவசக்காரர்கள் மீது ஏன் கேஸ் இல்லை? எய்ன்ஸ்வொர்த்துக்கு 2 கோடி டாலர் தீர்ப்பு வந்தது 2006-ல். அடுத்த வருஷம் பிறந்த அன்றே, 2007 ஜனவரி 1-ம் தேதி, கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் புகழ்பெற்ற ரோஸ் பரேடு ஊர்வலம். தலைமை விருந்தினர் ஜார்ஜ் லூகாஸ். அவரோடு அணிவகுத்து நடக்க 501-வது லீஜியனிலிருந்து சுமார் 200 பேரை வரவழைத்தார்கள். வீட்டில் செய்த ஹெல்மெட்டோடுதான் வந்தார்கள். பிளாஸ்டிக்கில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. இவர்கள் பில் போடுவதில்லை, அவர் போட்டார்.

ரசிகர்களுக்கு இது அத்துப்படி. அதனால்தான் ஒருவருக்கொருவர் செய்து கொடுக்கும்போது, பிளாஸ்டிக் விலை இவ்வளவு, பெயின்ட் இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு, ‘அசலுக்கே தருகிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆறு மாத ராத்திரிகளின் கூலி மட்டும் கணக்கில் வராது. லாபம் என்று ஒரு வரி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும்.