49 வாக்கு வித்தியாசமும் 203 தபால் ஓட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் காலை எங்கள் தெரு டீக்கடைக்குப் போனால் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே பேச்சுதான். "மிஷின்ல ஏதோ பண்ணிட்டானுவ அண்ணாச்சி" என்று ஒருவர் ஆரம்பிப்பார். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டு அழித்துக் காட்டுவோம். மாலையில் பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுப்போம். அதனால் மிஷின் பேச்சை நான் அதிகம் காதில் வாங்குவதில்லை. ஆனால் நம் நெல்லை மாவட்டத்திலேயே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு சந்தேகம் உண்டு. அதன் முக்கால்வாசி ஒரு ரப்பர் ஸ்டாம்பைப் பற்றியது.

2016 சட்டமன்றத் தேர்தல், ராதாபுரம் தொகுதி. மே 16 வாக்குப்பதிவு, 19 எண்ணிக்கை. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 ஓட்டு, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் எண்ணிக்கை!

அந்தத் தொகுதியில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். தபால் ஓட்டோடு 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம் வைக்க வேண்டும். அதில் கெசட்டட் அதிகாரி ஒருவர் சான்று ஒப்பம் போட வேண்டும். இந்த 203 படிவங்களில் ஒப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம்.

இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. தேர்தல் பயிற்சி வகுப்புக்குப் போகும் ஆசிரியர்கள் வேறு யாரிடம் போவோம்? நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். தலைமை ஆசிரியர் மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்போம். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவார். உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடுவோம். என் ஓட்டுகளில் எத்தனை எண்ணப்பட்டன என்பது எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வழிசெய்தவர்களின் ஓட்டு!

அப்பாவு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முடிவு வந்த 45 நாளுக்குள் தேர்தல் வழக்கைப் போட்டாக வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. தீர்ப்பு வந்தது 2019 அக்டோபர் 1 அன்று, மூன்று வருஷம் கழித்து. அந்த 203 தபால் ஓட்டுகளையும், மிஷின் ஓட்டில் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொன்னார் நீதிபதி ஜெயச்சந்திரன். அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றைக்கே உச்ச நீதிமன்றம், முடிவை வெளியிடக் கூடாது என்று தடை போட்டது. தடை நீண்டுகொண்டே போனது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் மானூர் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. திருநெல்வேலிக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது மானூர். கி.பி. 800 வாக்கில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் அவ்வூர்ச் சபை போட்ட விதிகள் கல்லில் இருக்கின்றன. எல்லோரும் பேசுகிற உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. சபையில் எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவனுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது அது. டீக்கடையில் வசூலித்தால் நல்ல தொகை தேறும். ஆனால் அப்பாவு சொன்ன "இல்லை" அந்த ரகம் அல்ல. இன்ன உறை, இன்ன சுற்று என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டார். ராஜஸ்தானில் 2008இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அப்படிப்பட்ட நாட்டில் 203 சின்ன எண்ணா?

2021இல் அதே இருவரும் அதே தொகுதியில் நின்றார்கள். அப்பாவு 5,925 ஓட்டில் ஜெயித்தார். மே 12 அன்று சபாநாயகர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். இன்பதுரைக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷமும் அவர் பதவியில் இருந்தது ஒரு கேள்விக்குறியின் கீழேதான். உண்மையிலேயே ஜெயித்திருந்தால் அது அவருக்கும் அநியாயம்.

2016இல் ராதாபுரம் தொகுதி ஓட்டாளர்களாக இருந்து தபால் ஓட்டுப் போட்ட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். உங்கள் படிவத்தில் ஒப்பமிட்டவர் எந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்று நினைவிருக்கிறதா? பள்ளியின் பெயர் வேண்டாம். நடுநிலையா, உயர்நிலையா என்று மட்டும் சொன்னால் போதும்.