கீறல் விழுந்த ரெக்கார்டு



வகுப்பில் நீங்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். சொன்னதையே சொல்வேன் என்பதால் "கீறல் விழுந்த ரெக்கார்டு". கோபமில்லை. போன வாரம் என் பேரன் அந்தப் பெயரை நினைவுபடுத்தினான். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், பையிலிருந்து ஒரு கறுப்புச் சாதனத்தை எடுத்து டிவி முன்னால் வைத்தான். அசல் ரெக்கார்டு பிளேயர் மாதிரியே வட்டத் தட்டு. "டிஜே ஹீரோ தாத்தா. பழைய கேம், செகண்ட் ஹேண்டுல வாங்கினேன்" என்றான். பாட்டு ஓட ஆரம்பித்ததும் தட்டின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தான். "டேய், தட்டுல கை வைக்காதடா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அது என் வார்த்தை அல்ல. அறுபதுகளில் எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணனின் வார்த்தை. கல்யாணம், காதுகுத்து, தீபத் திருவிழா எதுவானாலும் அவர் பின்னால் ரெக்கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, சீர்காழியின் பிள்ளையார் பாட்டோடு தொடங்குவார். ரெக்கார்டை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க விடுவார். அன்றைய 78 சுழற்சித் தட்டு அரக்கோடு கல்தூள் கலந்து செய்தது. கீழே விழுந்தால் உடையும், முள் இழுத்தால் கீறும். உலகத்துத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்துதான் போனது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவானது முதல், நமக்குத் தட்டு என்றால் சாமி மாதிரி. கேட்கலாம், தொடக் கூடாது.

தொட்டவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். ஜமைக்காவில் நம் மைக் செட் போலவே தெருவில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ரெக்கார்டு போடும் வழக்கம் உண்டு. அங்கிருந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த இளைஞர் கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கையின் விருந்தில் பாட்டுப் போட்டார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, ஆடுவதற்கு ஏற்ற தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டுவது அவர் முறை. ஓரிரு ஆண்டுகளில் அதே பகுதியில் தியோடர் என்ற சிறுவன். அறையில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தபோது அம்மா திட்ட வந்தார்களாம். தட்டை ஓட விடாமல் கையால் பிடித்தான். முள்ளுக்கடியில் தட்டு முன்பின் அசைந்து "விக்கி விக்கி" என்று ஒரு ஓசை. "ஸ்கிராட்ச்" பிறந்த கதையாக அவரே சொல்வது இது. நமக்குக் கீறல் என்றால் குறை. அவர்கள் அந்தப் பெயரையே ஒரு கலைக்கு வைத்தார்கள்.

அதற்குத் துணை நின்றது ஜப்பான்காரர்களின் இயந்திரம். பழைய பிளேயர்களில் மோட்டார், ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும். கையால் பிடித்துவிட்டால் மறுபடி வேகம் எடுக்க நேரமாகும். மட்சுஷிதா நிறுவனம் 1970இல் பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரையே தட்டின் அச்சாக்கியது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 அந்த வழியில் வந்ததுதான். கையை எடுத்த கணத்தில் பழைய வேகம் வந்துவிடும்.

அதே ஜப்பானில் கொனாமி நிறுவனம் 1997இல் "பீட்மேனியா" என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஐந்து பொத்தான், பக்கத்தில் ஒரு தட்டு. 1999இல் வந்த "பீட்மேனியா டூ டிஎக்ஸ்"இல் பொத்தான்கள் ஏழாயின. கீழே நான்கு வெள்ளை, மேலே மூன்று கறுப்பு, ஆர்மோனியக் கட்டை மாதிரி. திரையில் மேலிருந்து கோடுகள் விழும். அடியைத் தொடும்போது உரிய பொத்தானை அழுத்த வேண்டும், தட்டைத் தேய்க்க வேண்டும். 2009இல் அமெரிக்காவின் ஆக்டிவிஷன் வெளியிட்டதுதான் பேரன் கொண்டுவந்த டிஜே ஹீரோ.

"எதுடா உசத்தி?" என்று கேட்டேன். சிங்கப்பூர் விளையாட்டுக் கூடத்தில் அவன் பீட்மேனியாவும் ஆடியிருக்கிறான். ஒரு நாள் முழுக்க விளக்கினான். உருவத்தில் டிஜே ஹீரோதான் அசலுக்கு நெருக்கம். தட்டின் மேலேயே மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தியபடியே தேய்க்க வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே மாறுவதற்கு ஒரு தள்ளுகட்டை. நன்றாக ஆடினால் தட்டைப் பின்னோக்கிச் சுற்றி, வந்த வழியே மறுபடி ஆடலாம். ஆனால் பாட்டு அதுவாக ஓடிக்கொண்டிருக்கும். தவறினால் உங்கள் பங்கு மட்டும் அடங்கிப்போகும்.

பீட்மேனியாவின் தட்டு அவ்வளவு அசல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் பாட்டின் ஒரு துண்டு ஓசை கொடுத்திருப்பார்கள். அழுத்தினால்தான் அது பிறக்கும், முந்தி அழுத்தினால் முந்திப் பிறக்கும். தவில்காரர் விட்ட அடியை வேறு யாரும் அடிக்க முடியாது அல்லவா, அது மாதிரி. என் தீர்ப்பு பீட்மேனியாவுக்கே. டிஜே ஹீரோ இரண்டாம் பாகத்தோடு நின்றது. 2011இல் அந்த நிறுவனம் தன் இசை விளையாட்டுப் பிரிவையே மூடிவிட்டது. பீட்மேனியா 30க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டுவிட்டது.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். கண் கோட்டைப் பார்த்து விரல் போவதற்குள் கோடு கடந்துவிடுகிறது. "பாக்காதீங்க தாத்தா, கேளுங்க. கைக்கே தெரியும்" என்றான் பேரன்.

அந்தச் சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை.

எண்பதுகளில் எட்டாம் வகுப்பில் பானிபட் போர்களை நடத்திக்கொண்டிருந்தேன். 1526, 1556, 1761. வழக்கம்போலத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருவன் பலகையில் தாளம் போட்டான். கிண்டல் என்று நினைத்து, கையை நீட்டச் சொல்லி விரல்களில் பிரம்பால் அடித்தேன். அதன் பிறகு என் வகுப்பில் அவன் தாளம் போடவே இல்லை. பரீட்சையில் மூன்று ஆண்டுகளையும் சரியாக எழுதியிருந்தான். விடைத்தாளைத் திருத்தியபோதுதான் உறைத்தது. நான் சொன்ன எண்களைத்தான் அவன் அடித்துக்கொண்டிருந்தான். கைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். தெரிந்த பிறகும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய். பெயர் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அன்று நான் அடித்தது தப்பு. தீபத்துக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. பேரன் அந்தத் தட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எனக்குத்தான் கை வரவில்லை.