அண்டை வீடும் அயல்நாடும்

சென்ற ரமளானில் ஓரிரவு, தியாகராய நகரில் தராவீஹ் தொழுகை முடித்து வெளிவருகையில் பள்ளிவாசல் வாயிலில் இரண்டு உண்டியல்களைக் கண்டேன். ஒன்று அயல்நாட்டில் போரினால் வீடிழந்தோர்க்கு. மற்றொன்று இவ்வூர் அநாதைச் சிறுவர்க்கு. என்னிடம் அரபு பயிலும் இளைஞர் ஒருவர் தயங்கியவாறே, "ஹஜ்ரத், நான் எப்போதும் உள்ளூர் உண்டியலிலேயே போடுகிறேன். இது ஓரவஞ்சனை என்கிறான் என் தம்பி. அயல்நாட்டான் பசி பசியில்லையா என்று கேட்கிறான்" என்றார். நின்ற நிலையில் விடை கூறக்கூடிய வினாவன்று அது. வரலாற்றைப் புரட்டியே விடை காண வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபொழுது, அம்மக்களுள் செல்வரிடம் பெறும் ஜகாத்தை அவர்களுள் வறியவர்க்கே வழங்குமாறு பணித்தார்கள். இங்கே 'அவர்களுள்' என்பது அவ்வூராரை மட்டும் குறிக்குமா, முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்குமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஊரில் உரியவர் இருக்க ஜகாத்தை வெளியூர்க்கு அனுப்பலாகாது என்பது ஷாபிஈ மத்ஹபின் பெயர்பெற்ற தீர்ப்பு. அனுப்புதல் வெறுக்கத்தக்கது, ஆயினும் உறவினர்க்கோ மிகுந்த தேவையுடையோர்க்கோ அனுப்பலாம் என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் முன்னதையும், உள்நாட்டு இராவுத்தர்கள் பின்னதையும் பின்பற்றுவோர். சென்னையில் இரு சாராரும் ஒரே அணியில் நின்று தொழுகின்றோம். ஊரார்க்கு முதலுரிமை என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

இம்முறை நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை இமாம் அபூ உபைத் தம் 'கிதாபுல் அம்வால்' நூலில் எடுத்துரைக்கின்றார். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆத் (ரலி) அவர்கள் யமன் ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீபா மகிழவில்லை, வரி திரட்டவா உம்மை அனுப்பினேன் என்று கடிந்துகொண்டார்கள். இங்கு வாங்குவோர் இருந்திருப்பின் அனுப்பியிருக்க மாட்டேன் என்று விடை வந்தது. மறு ஆண்டு பாதியும், மூன்றாம் ஆண்டு முழுவதும் வந்தன. ஊரின் தேவை நிறைந்த பின்னரே செல்வம் எல்லை கடந்தது.

எனினும் அதே உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டு ஹிஜாஸ் பஞ்சத்தில் வாடியபொழுது, தொலைநாட்டு ஆளுநர்களிடம் உணவு கேட்டுக் கடிதம் விடுத்தார்கள். ஷாம் நாட்டிலிருந்து ஒட்டக வரிசைகள் வந்தன. உயிர் போகும் வேளையில் ஊரெல்லை பார்க்கப்படவில்லை.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1768இல் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டிய நவாப் முஹம்மது அலி வாலாஜா, மக்காவுக்கும் மதீனாவுக்கும் வாரி வழங்கியவர். ஹாஜிகளுக்கெனக் கப்பல் விட்டவர். உள்ளூரிலும் அவர் குடும்பத்தின் கொடை குறைந்ததன்று. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795இல் எழுந்தது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்கான நிலம் நவாப் தந்தது என்பது அப்பகுதியில் வழிவழியாக வழங்கும் செய்தி. முஹர்ரம் பத்தாம் நாளில் முஸ்லிம்கள் அக்குளக்கரைக்குச் செல்லும் வழக்கமும் உண்டு. அண்மை என்பது இடத்தைப் பொறுத்தது, இனத்தைப் பொறுத்ததன்று என்பதை அக்குளம் இன்றும் நினைவூட்டுகின்றது.

ஆனால் வரலாறு புகழை மட்டும் பதிவதில்லை. அந்நவாப் கும்பெனி ஊழியரிடம் பெருவட்டிக்குக் கடன் வாங்கியவர். அக்கடன்களைப் பற்றி 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இடித்துரைத்தார். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது கர்நாடகத்து உழவரின் நிலவரி. கடன் தீர்த்த பின்னரே கொடை என்பது நம் சட்டநூல்களின் ஒழுங்கு. கொடை புனித பூமிக்குச் சென்றாலும், அதன் சுமை அண்டையிலுள்ள ஏழையின் முதுகில் ஏறுமாயின், அதனைக் குறையற்ற கொடை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அதனால் தொலைவுக்கு ஈவது தவறு என்பார் உளராயின், 26-12-2004 ஆழிப்பேரலையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். சென்னை முதல் குமரி வரை நம் கரை அழிந்தபொழுது, தமிழில் ஒரு சொல்லும் அறியாத மக்கள் பல நாடுகளிலிருந்து நிதி அனுப்பினர். அவர்களுக்கு நாமே அயலார். எம்மூர் மட்டும் போதும் என்று அவர்கள் கைகளை மூடியிருந்தால், நாகப்பட்டினத்தில் எத்தனையோ வீடுகள் எழுந்திரா.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்தபொழுது, பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்துவிடப்பட்டன. உணவுப் பொட்டலம் கொடுத்த இளைஞர் எவரும் வாங்குவோரின் சமயத்தைக் கேட்கவில்லை. ஜகாத் முஸ்லிம் ஏழைக்குரியது என்பது நான்கு மத்ஹபுகளின் பொதுத்தீர்ப்பு. ஸதகாவுக்கு அவ்வரம்பில்லை, அண்டை வீட்டாரின் உரிமைக்கும் அவ்வரம்பில்லை.

இளைஞரின் தம்பி கூறிய ஓரவஞ்சனைக்கு நம் நூல்களில் 'அஸபிய்யா' என்று பெயர். தன் மக்களை நேசிப்பது அஸபிய்யாவா என்று வினவப்பட்டபொழுது, அன்று, அவர்களின் அநீதிக்குத் துணைபோவதே அஸபிய்யா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே அருகிலிருப்போரை முற்படுத்துவது ஓரவஞ்சனையன்று. அவர் நிலை நமக்குத் தெரியும். கொடுத்தது சேர்ந்ததா என்பதும் தெரியும். தொலைவிலிருப்போரின் பசி சிறிதென்று எண்ணுவதே ஓரவஞ்சனை. கடல் கடந்து வாழும் முஸ்லிமை 'நம்மவர்' என்று தழுவிக்கொண்டு, பட்டினப்பாக்கத்து மீனவர் குடிசையை 'வேற்றார்' என்று தாண்டிச் செல்வதும் அதே நோய்தான்.

மறுவாரம் இவற்றை அவ்விளைஞரிடம் கூறினேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "ஜகாத்தை இங்கேயே கொடுக்கிறேன், ஹஜ்ரத். பெருநாள் சட்டைக்கென எடுத்துவைத்த பணம் அந்த மற்ற உண்டியலுக்கு" என்றார். தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுமாறு சொல்லி அனுப்பினேன். வல்ல அல்லாஹ் இருவர் ஈகையையும் ஏற்றருள்வானாக!