பீர் குழாய்க்குள்ளே ஒரு சரித்திரம்

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது குடிக்கறதைப் பத்தின பதிவு இல்லை, கழுவறதைப் பத்தினது :)

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சறவங்க பலர் கிட்ட 'கெஜரேட்டர்'னு ஒரு சமாச்சாரம் இருக்கும். பெருசா ஒண்ணுமில்லை. ஒரு ஃப்ரிட்ஜ், உள்ளே 19 லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் பீப்பாய், பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பீப்பாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கிளம்பி, வெளியே இருக்கிற டேப்புக்கு வரும். பீப்பாயைத் தேய்ச்சுக் கழுவுவாங்க, கிளாஸைப் பளபளன்னு துடைப்பாங்க. நடுவுல இருக்கிற குழாயை மட்டும் மறந்துடுவாங்க. இந்த மறதிக்கு இருநூறு வருஷத்துக்கும் மேல வயசு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 18ஆம் நூற்றாண்டு லண்டன். பப்புகளில் பீப்பாய் கீழே நிலவறையில் இருக்கும். ஒரு பையன் ஜாடியோட படி இறங்கி ஏறி நாள் பூரா ஓடிக்கிட்டே இருப்பான். ஜோசப் பிராமா என்கிற இஞ்சினியர் 1797இல் பீரை மேலே இழுக்கிற கைப்பம்புக்கு காப்புரிமை வாங்கினார். இதே மனுஷன்தான் 1778இல் ஃப்ளஷ் கக்கூஸுக்கும் காப்புரிமை வாங்கினவர். ரெண்டுலயும் குழாய் வேலைதானே!

பையனுக்கு ஓட்டம் மிச்சமாச்சு. ஆனா குழாய் எதில் செஞ்சாங்க தெரியுமா? காரீயம். (ரசம் வைக்கிற ஈயச்சொம்போட வெள்ளீயம் இல்லைங்க, இது வேற.) விலை மலிவு, கையால வளைக்கலாம். ஆனா பீர் புளிப்பானது, அதோட பிஹெச் 4இலிருந்து 4.5 வரை. ராத்திரி கடை மூடினப்புறம் குழாயிலேயே நிக்கிற பீர், விடியறதுக்குள்ள காரீயத்தைக் கொஞ்சம் கரைச்சு வச்சிடும். காலையில் முதல் ஆளா வர்றவனுக்கு அந்த முதல் கிளாஸ்.

இதில் கோபம் வர்ற விஷயம், ஆபத்து தெரியாமல் இல்லை. டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடிச்சவங்களுக்கு வந்த கொடூரமான வயிற்றுவலிக்கு காரீயம்தான் காரணம்னு டாக்டர் ஜார்ஜ் பேக்கர் 1767லேயே எழுதிட்டார். பிராமாவுக்கு 30 வருஷம் முன்னாடி! ஆனா கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறதைப் பத்தி யார் கவலைப்பட்டா?

அடுத்த எதிரியையும் கண்ணால பார்க்க முடியாது. 1871இல் லூயி பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் மதுவாலைக்குப் போனார். அவங்க ஈஸ்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உள்ளே வேண்டாத கிருமி இருக்குன்னு காட்டினார். ஒரு வாரத்துக்குள்ள திரும்பப் போனா, அவங்களே ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வச்சிருந்தாங்க! பீர் புளிச்சுப்போறது விதியில்லை, உயிரினங்களோட வேலைன்னு 1876இல் புத்தகமாவே எழுதிட்டார்.

அதே உயிரினங்கள்தான் குழாயிலும். லாக்டோபாசிலஸும் பீடியோகாக்கஸும் குடியேறினா பீரில் புளிப்பு, வெண்ணெய் வாசம். அசிட்டோபாக்டர் வந்தா வினிகர். கூடவே 'பீர் ஸ்டோன்', அதாவது கால்சியம் ஆக்சலேட்டும் புரதமும் சேர்ந்த படிவு. நம்ம ஹீட்டர்ல உப்பு படியற மாதிரி. அந்தச் சொரசொரப்பில் கிருமிகள் சௌகரியமா ஒட்டிக்கும். ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் வந்து காரீயம் போச்சு. அழுக்கு போகலை.

இது வீட்டுக்குள்ள வந்தது தனிக்கதை. அமெரிக்க மதுவிலக்கு 1920இல் ஆரம்பிச்சு 1933இல் முடிஞ்சுது. ஆனா வீட்டில் பீர் காய்ச்ச 1978 வரைக்கும் அனுமதி இல்லை. அந்த அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட, 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்துச்சு. ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருஷம் 200 காலன். அப்புறம் கோலா கம்பெனிகள் ஸ்டீல் பீப்பாயை விட்டு, அட்டைப்பெட்டிக்குள்ள பையில் சிரப் அனுப்ப ஆரம்பிச்சாங்க. வேண்டாத பீப்பாயெல்லாம் மலிவா இவங்க கைக்கு வந்துச்சு. பப்போட குழாய் வீட்டுக்கு வந்தாச்சு, குழாய் கழுவற ஆள் மட்டும் கூட வரலை.

கழுவறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. அமெரிக்க மதுவாலைகள் சங்கத்தோட கையேடு சொல்றது: 14 நாளைக்கு ஒரு தடவை காஸ்டிக் கரைசலை பம்ப் வச்சு 15 நிமிஷம் சுத்த விடணும். பம்ப் இல்லேன்னா 20 நிமிஷம் ஊறணும். டேப்பைக் கழட்டித் தேய்க்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆசிட், ஏன்னா பீர் ஸ்டோன் அதுக்குத்தான் அடங்கும்.

இங்கதான் ஜாக்கிரதை தேவை. அழுக்குக் குழாய் பீரோட ருசியைத்தான் கெடுக்கும், பெரும்பாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. கழுவற காஸ்டிக் அப்படியில்லை. தண்ணி மாதிரியே இருக்கும், ஒரு வாய் உள்ளே போனா தொண்டை வெந்துடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆசிடையும் ப்ளீச்சையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். குழாயிலிருந்து வர்ற தண்ணியும் வீட்டுத் தண்ணியும் பிஹெச் காகிதத்தில் ஒரே நிறம் காட்டற வரைக்கும் அலசிக்கிட்டே இருக்கணும்.

பப்புல முதல் கிளாஸ் முன்பின் தெரியாத ஒரு தொழிலாளிக்குப் போச்சு. வீட்டில் அது போறது விருந்தாளிக்கு. அதனால ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க: நேத்து ராத்திரி பூரா இது எதுக்குள்ள நின்னுச்சு?

வர்ட்டா? :)