யார் இந்த எட்வர்ட்?

பூக்கடையில் போய் "வாசனையா ரோஜா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். வாளியில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஓசூர் ரோஜாவைக் கடைக்காரம்மா தொடக்கூட மாட்டார். மூலையில், ஈரச் சாக்குக்கு அடியில், காம்பு நீளம் இல்லாமல், கிலோ கணக்கில் கொட்டி வைத்திருக்கும் சின்ன ரோஸ் நிறப் பூவைக் காட்டுவார். "எட்வர்டு ரோஸ். மாலைக்கு இதுதான்."

யார் இந்த எட்வர்ட்?

'யாராவது இங்கிலாந்து ராஜாவாக இருக்கும்' என்பதுதான் நம்மில் பல பேரின் யூகம். இல்லை. ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தது 1901-இல். அதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே இந்தப் பூவுக்குப் பேர் வைத்தாகிவிட்டது. நம்ம எட்வர்ட் ராஜாவும் இல்லை, இங்கிலீஷ்காரரும் இல்லை. இந்து மகாசமுத்திரத்தில் ஒரு தீவில் தோட்டம் வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் வேலியில் தற்செயலாக முளைத்த ஒரு செடி, ஐரோப்பா இரண்டாயிரம் வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. இலையுதிர் காலத்திலும் பூக்கிற, வாசனையும் உள்ள ரோஜா!

'இதுக்கா ஏங்கினாங்க?' என்று கேட்காதீர்கள். வருஷம் முழுக்க ரோஜா பார்க்கிற நமக்கு அந்தக் கஷ்டம் புரியாது. மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீசனில் தெருவெல்லாம் மாம்பழம், சீசன் முடிந்தால் அடுத்த வருஷம்தான். ஐரோப்பாவில் ரோஜாவின் கதை அதுதான். ஜூன் மாதம் செடி கொள்ளாமல் பூக்கும். சில வாரங்கள். அப்புறம் அடுத்த ஜூன் வரைக்கும் வெறும் இலையும் முள்ளும்.

ஒரே ஒரு ஜாதி மட்டும் விதிவிலக்கு. டமாஸ்க் ரோஜாவில் ஒரு வகை, ஜூனில் பூத்துவிட்டு, செப்டம்பர் அக்டோபரில் இரண்டாவது தடவையும் கொஞ்சமாகப் பூக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் வர்ஜில் என்ற ரோமானியக் கவிஞர், இத்தாலியின் தெற்கே பேஸ்தும் ஊர் ரோஜாக்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை பூப்பதைத் தன் விவசாயக் காவியமான 'ஜியார்ஜிக்ஸ்' நூலில் குறித்து வைத்திருக்கிறார். அவர் சொன்னது இந்த வகையைத்தான் என்று பல பேர் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'நான்கு பருவ ரோஜா'. உண்மையில் பூப்பது இரண்டு பருவம்தான். கிடைத்ததே பெரிசு என்ற சந்தோஷத்தில் கணக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள்!

டமாஸ்க் ரோஜாவின் பூர்வீகத்தை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2000-இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். மூன்று காட்டு ரோஜாக்களின் வாரிசு அது. அதில் ஒன்று மத்திய ஆசியாவைச் சேர்ந்தது. ஒரு தடவையோடு நிற்காமல் பூக்கிற குணம் உள்ளது. இன்னொன்று கஸ்தூரி ரோஜா; கோடை முடியும் சமயத்தில்தான் பூக்கவே ஆரம்பிக்கும். இரண்டாம் பூப்பின் ரகசியம் இந்த வழியில் வந்ததாக இருக்கலாம். வாசனையிலோ டமாஸ்க்கை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பன்னீரும் அத்தரும் இறங்குவது இந்தக் குடும்பத்திலிருந்துதான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறக்குறைய மூவாயிரம், நாலாயிரம் கிலோ பூ வேண்டும். தன் மாமியார் பன்னீர் காய்ச்சும்போது மேலே மிதந்த எண்ணெயைச் சேகரித்து அத்தர் கண்டுபிடித்தார் என்று ஜஹாங்கீர் தன் சுயசரிதையில் பெருமையாக எழுதியிருக்கிறார். மாமியார் என்றால் நூர்ஜஹானின் அம்மா அஸ்மத் பேகம். மாமியாரைப் பாராட்டி எழுதிய மன்னர்கள் சரித்திரத்தில் எத்தனை பேர் தேறுவார்கள்?

இப்போது சீனாவுக்குப் போவோம்.

அங்கே நிலைமையே வேறு. சீனத் தோட்டங்களில் ஒரு ரோஜா பனிக்காலம் போக மற்ற மாதமெல்லாம் பூத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. 'மாதா மாதம் சிவப்பு' என்றே அதற்குப் பெயர். வாசனை மட்டும் லேசு. 1790-களின் ஆரம்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான கில்பர்ட் ஸ்லேட்டர் தோட்டத்துக்கு ஒரு சிவப்புச் சீன ரோஜா வந்து சேர்ந்தது. பார்சன்ஸ் என்பவர் வீட்டில் ஒரு ரோஸ் நிற ரகம் பூத்தது. தேயிலை ஏற்றி வந்த கப்பல்களில் பல, வழியில் கல்கத்தாவில் நிற்கும். அங்கே 1787-இல் ஆரம்பித்த கம்பெனியின் தாவரவியல் தோட்டம் இருந்தது. சீனச் செடிகள் இளைப்பாறிவிட்டுப் போகும் சத்திரம் மாதிரி. விளைவு? பிரெஞ்சுக்காரர்கள் சீன ரோஜாவுக்கு 'வங்காள ரோஜா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வழியில் இறங்கிய ஊரே சொந்த ஊர் ஆகிவிட்டது.

நெப்போலியன் மனைவி ஜோசஃபினுக்கு ரோஜா என்றால் உயிர். பாரிஸ் பக்கத்தில் மால்மேசோன் மாளிகையை 1799-இல் வாங்கி, கிடைத்த ரோஜாவையெல்லாம் அங்கே கொண்டுவந்து நட்டார். இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் 1810 வாக்கில் ஜோசஃபினுக்குப் போகவேண்டிய ஒரு சீனத் தேயிலை மண ரோஜாவை மட்டும் இரண்டு நாட்டுக் கடற்படைகளும் தடுக்காமல் வழிவிட்டதாக ஒரு கதை உண்டு. மற்ற சரக்கெல்லாம் பறிமுதல். ரோஜா மட்டும் பாஸ்போர்ட்டோடு போனது!

ஆக, 1810-களில் நிலவரம் இது. மேற்கே, வாசனை உண்டு. மறுபடி மறுபடி பூக்காது. கிழக்கே, ஓயாமல் பூக்கும், வாசனை லேசு. இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் வேண்டும்.

சேர்த்து வைத்தது மனிதன் இல்லை, ஒரு வேலி.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு பிரெஞ்சுத் தீவு. பாரிஸில் ஆட்சி மாறினால் பாவம், அதற்குப் பெயர் மாறும். முதலில் பூர்போன், 1793-இல் ரீயூனியன், 1806-இல் போனபார்ட், 1810-இல் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போய்ப் பிறகு திரும்பவும் பூர்போன், 1848-இல் மறுபடி ரீயூனியன். பிற்பாடு கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்ய நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிய அதே தீவு. அங்கே நிலத்துக்கு வேலியாக ரோஜாச் செடியை நடுவது வழக்கம். ஒரு பக்கம் இரண்டு தடவை பூக்கும் டமாஸ்க், இன்னொரு பக்கம் ரோஸ் நிறச் சீன ரோஜா. இரண்டும் கலந்தே நின்றன. தேனீக்கு ஜாதியா, நாடா?

எதுவார் பெரிஷோன் என்பவரின் நிலத்தில், இரண்டு பக்கமும் சேராத ஒரு புதுச்செடி முளைத்திருந்தது. 1817-இல் தீவின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நிக்கோலா ப்ரேயோன் அதைப் பார்த்தார். தீவு ஜனங்கள் அதை 'ரோஸ் எதுவார்' என்றார்கள். 1819-இல் ப்ரேயோன் அதன் விதைகளைப் பாரிஸுக்கு, ஆர்லியன் கோமகனின் தோட்டக்காரர் ஜாக் என்பவருக்கு அனுப்பினார். அதிலிருந்து கிளம்பியதுதான் 'பூர்போன் ரோஜா' வம்சம்.

எதுவார் என்பது இங்கிலீஷில் எட்வர்ட். இந்தியாவில் அந்த ரோஜா அதே பெயரோடு தங்கிவிட்டது. வடக்கே அலிகார், கன்னோஜ் பக்கம் பன்னீர் காய்ச்சுகிறவர்களும் எட்வர்ட் என்கிறார்கள்; நம்மூர் மாலை கட்டுகிறவரும் எட்வர்ட் என்கிறார். பெரிஷோனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ, அவர் பெயர் தினமும் கோயம்பேட்டில் ஏலம் போகிறது.

பூர்போன் ரோஜாவின் பெருமையே அதன் இலையுதிர் காலப் பூ. ஐரோப்பாவில் செப்டம்பரில் வெயில் தணியும். ராத்திரி குளிரும். மொட்டு அவசரப்படாமல் விரியும்; நிறம் கூடும். காலைப் பனியில் வாசனை எண்ணெய் சட்டென்று ஆவியாகாமல் இதழிலேயே தங்கும். பல்கேரியாவிலும் கன்னோஜிலும் வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்து முடிப்பது இதனால்தான். 1843-இல் லியோன் நகரத்தில் பெலூஸ் என்பவர் உருவாக்கிய 'மால்மேசோன் நினைவு' என்ற பூர்போன் ரோஜா இன்றைக்கும் தோட்டக்காரர்களின் செல்லப்பிள்ளை.

இத்தோடு 'சுபம்' போட்டிருக்கலாம். போடவில்லை. மனிதனுக்கு ஆசை அடங்குமா?

1867-இல் அதே லியோனில் கியோ என்பவர் 'லா ஃபிரான்ஸ்' ரோஜாவைக் கொண்டுவந்தார். நீளக் காம்பு, கூரான மொட்டு. இன்றைக்குக் காதலர் தினத்தில் கை மாறும் ரோஜாவின் முன்னோடி இதுதான். அடுத்து, பளிச்சென்று மஞ்சள் வேண்டும் என்றார்கள். பெர்னே-துஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவோடு கலந்து 1900-இல் 'தங்கச் சூரியன்' என்றொரு ரகத்தைக் கொடுத்தார். அந்தப் பாரசீக ரோஜாவின் தாவரவியல் பெயர் 'ரோசா ஃபோடிடா'. ஃபோடிடா என்றால் லத்தீனில் 'நாறுவது' என்று அர்த்தம்! நிறம் கிடைத்தது. கூடவே இலையில் கரும்புள்ளி நோயும் வந்தது.

1945 ஏப்ரல் 29-ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், ஃபிரான்சிஸ் மேயோன் உருவாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு அமெரிக்காவில் 'பீஸ்' என்று பெயர் சூட்டினார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. பிரமாதமான பூ. ஆனால் வாசனை? ரொம்ப ரொம்ப லேசு. யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. பூ வியாபாரம் பெரிசாகிறபோது வாங்குகிறவர் கேட்பதெல்லாம் அளக்கக்கூடிய விஷயங்கள். காம்பு எத்தனை சென்டிமீட்டர்? ஜாடியில் எத்தனை நாள் தாங்கும்? விமானத்தில் போனால் இதழ் கசங்குமா? நான் படித்த பி.காம் பாஷையில் சொன்னால், வாசனைக்கு லெட்ஜரில் பத்தி கிடையாது. பத்தி இல்லாத சரக்குக்கு யார் கணக்கு வைப்பார்கள்? வேண்டுமென்று யாரும் ரோஜாவின் வாசனையைக் கொல்லவில்லை. கேட்க ஆளில்லாததால் அது தேய்ந்துபோனது.

தேய்ந்தது எப்படி என்பதை விஞ்ஞானிகள் சமீபத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 2012-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது: ரோஜாவில் பூப்பதை நிறுத்துகிற ஒரு மரபணு இருக்கிறது. அது ஒரு பிரேக். ஜூன் முடிந்ததும் அழுத்திக்கொள்ளும். சீன ரோஜாவில் அந்த மரபணுவுக்கு நடுவே வேறொரு மரபணுத் துண்டு புகுந்து உட்கார்ந்ததால் பிரேக் ஃபெயிலியர்! அதனால்தான் ஓயாமல் பூக்கிறது. 2015-இல் லியோனுக்குப் பக்கத்தில் சான்-எத்தியென் நகர விஞ்ஞானிகளின் குழு, வாசனை தூக்கும் 'பாப்பா மேயோன்' ரோஜாவையும் வாசனையே இல்லாத 'ரூஜ் மேயோன்' ரோஜாவையும் ஒப்பிட்டது. வாசனைப் பொருளைத் தயாரிக்க உதவும் ஒரு நொதி, முன்னதில் மும்முரமாக வேலை செய்கிறது. பின்னதில் கிட்டத்தட்ட தூங்குகிறது. இரண்டுமே மேயோன் வீட்டு ரோஜாக்கள்தான் என்பது வேடிக்கை.

பிரேக் வேறு, வாசனை நொதி வேறு. ஆக, ஓயாமல் பூக்கிற ரோஜாவுக்கு வாசனை இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் என்ற விவசாயி இதைப் பிடிவாதமாக நிரூபித்தார். 1961-இல் அவர் வெளியிட்ட முதல் ரோஜா 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை'. நல்ல வாசனை, ஆனால் வருஷத்துக்கு ஒரே தடவைதான் பூத்தது. மனிதர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கலந்து, 1969 முதல் மறுபடி பூக்கும் ரகங்களைக் கொண்டுவந்தார். 1983-இல் 'கிரஹாம் தாமஸ்' வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. 2018-இல் அவர் இறந்தபோது, வாசனை ரோஜா மறுபடியும் ஃபேஷன் ஆகியிருந்தது.

நம் ஊரில் இலையுதிர் காலம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையும், அதற்குப் பின்னால் வருகிற மார்கழிக் குளிரும்தான் ரோஜாவுக்கு நாம் கொடுக்க முடிந்த சுகம். சமவெளியில் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல நேரம். போன பருவத்துக் கிளையைப் பாதி நீளத்துக்கு வெட்டிவிட்டு, நோய் பிடித்ததையும் குறுக்கே போகிறதையும் நீக்கிவிட்டு, வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவிவிட்டால் புதுத்துளிர் வரும். தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கக்கூடாது. தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். வாடிய பூவை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் செடி காய் பிடிக்கிற வேலையில் இறங்கிவிடும். நர்சரியில் என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், பெரிஷோன் பெயரைச் சொல்லுங்கள். அதாவது, எட்வர்ட்.

எட்வர்ட் ஜாடியில் நிற்காது. சாயந்திரத்துக்குள் இதழ் கொட்டிவிடும். ஏற்றுமதிக்கு லாயக்கில்லை. ஆனாலும் நம்மூரில் அது பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், இங்கே இன்னும் வாசனையைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள். மாலை கட்டுகிறவர், பன்னீர் காய்ச்சுகிறவர், தலையில் வைத்துக்கொள்கிறவர்.

சாமிக்கு வாங்குகிற பூவை மோந்து பார்க்கக்கூடாது என்று பாட்டிமார்கள் கையில் அடிப்பார்கள். சரி, அதை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வாங்குகிற ரோஜாவை, கடைக்காரம்மா பார்க்கிற மாதிரி, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.