நீராவித் தூர்வாரிக் கப்பல்கள்

ஆற்றிலும் கழிமுகத்திலும் படியும் மண்ணை நீராவி எந்திரத்தால் வாரிக் கப்பல் வழியைக் காக்கும் பணிக்கலங்கள். இவற்றுள் முதலாவது எது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் இயங்கியதைச் சிலரும், 1805இல் பிலடெல்பியாவில் ஆலிவர் எவன்ஸ் செய்ததைச் சிலரும் சுட்டுவர். மிசிசிப்பி ஆற்றில் அமிழ்ந்த மரங்களை அகற்ற 1829இல் ஹென்றி ஷ்ரீவ் 'ஹீலியோபோலிஸ்' என்ற கலத்தை இறக்கினார். இந்தியாவில் ஹூக்ளி ஆற்றின் மணல்திட்டுகள் தூர்வாரிக் கலங்களுக்கு ஓயாத வேலை தந்தன.

கொச்சி: ஏலமலை நீரைத் திரட்டி மேற்கே செல்லும் பெரியாற்றின் ஒரு கிளை கொச்சிக் காயலில் சேர்கிறது. 1341ஆம் ஆண்டு வெள்ளத்தில் முசிறித் துறைமுகம் தூர்ந்து கொச்சி முகத்துவாரம் திறந்தது என்பது மரபுச் செய்தி. ஒரே வெள்ளத்தில் இது நிகழ்ந்திருக்குமா என ஐயுறுவோரும் உளர். முகத்துவாரத்தின் குறுக்கே இறுகிய மணல்திட்டு கிடந்தது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, சரக்கு படகில் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, திட்டை வெட்டினால் அருகிலுள்ள வைப்பின் தீவின் கரையைக் கடல் அரிக்கும் என்ற அச்சத்துக்கு முதலில் விடை தேடினார். கருங்கல் தடுப்புகள் கரையைக் காத்தன. பின்னர், சென்னை ஆளுநராயிருந்தவரின் பெயர் தாங்கிய 'லார்டு வில்லிங்டன்' நீராவிக் கலம் 1926இல் வந்தது. அதன் வெட்டுத்தலை மண்ணைக் கிளற, பம்பு அதை நீரோடு உறிஞ்சிக் குழாய்வழித் தள்ளியது. வழியை அடைத்திருந்த மண், வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டப்பட்டு வில்லிங்டன் தீவாயிற்று. 1928 மே 26இல் 'பத்மா' கப்பல் புதிய வழியே உள்துறைமுகம் புகுந்தது. பிரிஸ்டோ இவ்வரலாற்றைக் 'கொச்சின் சாகா' நூலில் (1959) விரிவாக எழுதியுள்ளார்.

போடிநாயக்கனூர்: கொச்சியில் புதிய வழி திறக்கும் முன், மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கிழக்கே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடி வந்தன. மூணாற்றை டாப் ஸ்டேஷனுடன் இணைத்த குண்டளை மலை ரயிலை 1924 வெள்ளம் அழித்தது. மதுரை–போடி ரயில் பாதை திறந்ததும் 'பத்மா' நுழைந்த அதே 1928இல்தான். 1931இல் ஆலுவா–மூணாறு சாலை வந்தது. தேயிலைச் சரக்கு போடியை விட்டு மேற்கே கொச்சிக்குத் திரும்பியது; இதில் வெள்ளம், சாலை, துறைமுகம் ஆகியவற்றின் பங்கைத் தனித்தனியே அளப்பது கடினம்.

பிற்காலம்: நீராவியின் இடத்தை டீசல் பிடித்தது. 1976இல் இந்தியத் தூர்வாரும் கழகம் நிறுவப்பட்டது. கொச்சி வழியில் மண் படிவது நிற்காததால் தூர்வாரல் இன்றும் தொடர்கிறது.