பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு ராக் ஆல்பம்

எனக்கும் ராக் இசைக்கும் ரொம்ப தூரம். டி.எம்.எஸ்., சீர்காழி போதும் என்று இருந்தவன். ஓசூரில் முப்பது வருடம் பவர் பிரஸ் சத்தம் கேட்ட காதுக்கு அதற்கு மேல் எதற்கு?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் காரில் ஒரு பாட்டு போட்டான். மழை, இடி, சர்ச் மணி. அதன் பிறகு அடிவயிற்றைப் பிசைகிற மாதிரி கிட்டார். "அப்பா, இதை வாசிக்கிறவருக்கு ஃபேக்டரி பிரஸ்ஸில்தான் ரெண்டு விரல் நுனி போச்சு" என்றான். அன்றிரவே தேடிப் படித்தேன்.

குழுவின் பெயர் பிளாக் சபாத். ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அதில் ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பேட்டை. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் நமக்குத் தெரியும் அல்லவா? அந்த லூகாஸ் பிறந்த ஊர் அது. குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் லூகாஸில் கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்த்தவர். ஆடு மாடு வெட்டும் கூடத்திலும் வேலை செய்தவர்.

கிட்டார் வாசித்த டோனி அயோமி ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் வெல்டர். 1965, வயது 17. ஜெர்மனிக்கு வாசிக்கப் போக வாய்ப்பு வந்து வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். வழக்கமாக பிரஸ்ஸில் தகடு அடித்துத் தரும் பெண் அன்று வரவில்லை. அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிட்டார் கம்பிகளை அழுத்துவது அந்த வலது கைதான்.

பழைய பிரஸ்ஸில் நின்றவர்களுக்கு இது புரியும். பெடலை மிதித்து கிளட்ச் பிடித்துவிட்டால் ராம் கீழே போய் மேலே வந்துதான் நிற்கும். நடுவில் நிறுத்த முடியாது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் மெஷின்களும், கை குறுக்கே வந்தால் நிற்கும் லைட் கர்ட்டனும் எங்கள் பக்கத்துச் சின்ன ஷாப்புகளுக்கு வந்து சேர வெகுநாளானது.

இனி வாசிக்க முடியாது என்று இருந்த அயோமியை மேலாளர் வீட்டில் போய்ப் பார்த்தார். கையில் ஒரு இசைத்தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் கிட்டார் மேதையான ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். பழைய ஜாக்கெட்டின் தோலை அதன்மேல் ஒட்டினார். அழுத்த லேசாக இருக்கட்டும் என்று பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். முழு கார்டு பிடிப்பது சிரமமானதால் குறைந்த கம்பிகளில் கனமான ஒலியை வரவழைக்கப் பழகினார்.

1969 அக்டோபர் 16. லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன். மேடையில் வாசிப்பது போலவே நால்வரும் சேர்ந்து வாசித்து ஒரே நாளில் பதிவை முடித்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததுமே அயோமியின் ஃபெண்டர் கிட்டாரில் பிக்கப் போய்விட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்சனை எடுத்து மீதியை வாசித்தார். அடுத்த நாள் சுவிட்சர்லாந்துக்கு வாசிக்கக் கிளம்பிவிட்டார்கள். மழையும் மணியும் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளிவந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் 8ஆம் இடம். ஹெவி மெட்டல் என்னும் இசைவகை இங்கிருந்துதான் தொடங்கியது என்று பலரும் சொல்கிறார்கள்.

விரல் போனதால்தான் இந்த இசை பிறந்தது என்று மகன் பெருமையாகச் சொன்னான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு நைட் ஷிப்டில் பிரஸ் ஆபரேட்டர் வரவில்லை. காலை லாரிக்கு சரக்கு போக வேண்டும். பேக்கிங்கில் இருந்த, சூளகிரிப் பக்கத்துப் பையனை "ரெண்டு மணி நேரம் நில்லுப்பா" என்று நிறுத்தியது நான்தான். அவனுக்கும் இரண்டு விரல். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சார், இனிமே எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க?" என்றுதான் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை. பிறகு ஸ்டோர்ஸில் போட்டோம். அந்த விரல்கள் வேறு என்ன செய்யத் தெரிந்தவை என்று நான் கேட்டதே இல்லை.

2025 ஜூலை 5 அன்று பிறந்த ஊரான ஆஸ்டனிலேயே அந்த நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் வாசித்தார்கள். பதினேழு நாளில் ஆஸி காலமானார். அந்த நிகழ்ச்சியை மகனோடு யூடியூபில் பார்த்தேன். பாட்டு முழுதாகப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். கேமரா கிட்டே போகும்போதெல்லாம் அயோமியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.